பார்க்காமல் கொடுத்த பாராட்டு

(குமணன்சாவடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குமணன் பெயரைத் தாங்கிய ஊரில் நின்று பாராட்டைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். புறநானூற்றில் 158 முதல் 165 வரையுள்ள பாடல்கள் அவனோடு தொடர்புடையவை. தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருந்தபோது, பொருள் கேட்டு வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம், தன் தலையைக் கொண்டுபோய் விலை பெற்றுக்கொள்ளும்படி வாளை நீட்டியவன் அவன் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. இன்றைய பேச்சுக்கு வேண்டியவர், அவனைப் பாடிய இன்னொரு புலவரான பெருஞ்சித்திரனார். வீட்டில் அடுப்பெரியாத வறுமை அவருக்கு. அப்படிப்பட்டவர் அதியமானிடம் போகிறார். அவன் அவரை நேரில் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். என் தகுதி இன்னதென்று அறிந்து தினையளவு கொடுத்தாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வேன், ஆளைப் பார்க்காமல் கொடுப்பதை வாங்கிப் போக நான் வணிகன் அல்லன் என்பது அவர் சொன்ன காரணம். பசித்த வயிறு சொன்ன காரணம் என்பதால் அதற்கு எடை அதிகம். நம் சட்டப்பேரவை குடிமக்களைப் போற்றியும் அவர்களுக்கு இரங்கியும் நிறைவேற்றும் தீர்மானங்களை இந்தப் புலவரின் கண்ணோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பேரவை, தான் பாராட்டும் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் பாராட்டுகிறதா?

தீர்மானம் என்பது சட்டம் அல்ல. மசோதா நிறைவேறி ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தால் அது சட்டமாகி நம்மைக் கட்டுப்படுத்தும். தீர்மானம் அவையின் கருத்தைச் சொல்வதோடு நின்றுவிடும். இதனால் அதை வெறும் காகிதம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வரலாறு சாதகமாக இல்லை. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்தது ஒரு தீர்மானம்தான். அதன் வழியில் முழுமையான சட்டம் வர 1947 வரை ஆயிற்று. 1967 ஜூலை 18 அன்று இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றக் கோரிப் பேரவை ஒருமனதாக நிறைவேற்றியதும் தீர்மானம்தான். பிறகு நாடாளுமன்றம் சட்டம் செய்து, 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரு சட்டம் காத்திருந்தது. பாராட்டுத் தீர்மானத்துக்கு அந்த வசதியும் இல்லை. அதற்குப் பின்னால் சட்டமும் வராது, பணமும் வராது, பட்டமும் வராது. பட்டம் கொடுப்பதை அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவே தடுத்துவிட்டது. ஆகவே அதில் உள்ள ஒரே சரக்கு அதன் வாசகம். யாரை, எதற்காக, என்ன ஆதாரத்தில் பாராட்டுகிறோம் என்ற அந்த நாலு வரி பொய்த்தால் மிச்சம் ஒன்றும் இல்லை.

இப்போது நம் அவையில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். குடிமக்களைக் குறித்து அதிகம் நிறைவேறுவது இரங்கல்தான், அதுவும் பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர்களுக்கு. பேரவைத் தலைவர் படிக்கிறார்: மறைந்தவர் இன்னார், இந்தத் தொகுதியிலிருந்து இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை உறுப்பினர். எல்லோரும் எழுந்து இரண்டு மணித்துளி மௌனமாக நிற்கிறார்கள். அடுத்த அலுவல் தொடங்குகிறது. மரபு நல்ல மரபுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் அதே அவையில் எழுப்பிய கேள்விகளும் பேசிய பேச்சுகளும் பேரவையின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் வரி விடாமல் இருக்கின்றன. தன் ஊருக்கு ஒரு பாலம் கேட்டு மூன்று கூட்டத்தொடர் மன்றாடியிருப்பார். ஒரு மசோதாவில் தன் கட்சிக்கே சங்கடமான கேள்வியைக் கேட்டிருப்பார். அதில் ஒன்றை எடுத்துப் படித்தால் இரங்கலுக்கு உயிர் வந்துவிடும். தொகுதியும் ஆண்டும் மட்டும் சொன்னால் அது ஊழியர் பதிவேட்டில் பெயரை அடிப்பதற்குச் சமம். சொந்த வீட்டு ஆளையே இவ்வளவுதான் பார்க்கிறார்கள் என்றால் வெளியாளின் கதி என்ன? கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி மூச்சடைத்து இறந்தவர்களின் எண்ணிக்கையில், 1993 முதலான கணக்கில், தமிழ்நாடு முதலிடத்தில் இருந்ததை நாடாளுமன்றத்தில் தரப்பட்ட பதில்களே காட்டின. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணத்துக்கு நீதிமன்றம் வழி செய்துவிட்டது. பெயரைச் சொல்லி எழுந்து நிற்கும் அந்த இரண்டு மணித்துளியை நீதிமன்றம் ஆணையிட முடியாது. அதைப் பேரவைதான் தர முடியும். நம் இரங்கல் மரபின் பட்டியலில் அவர்களுக்கென்று ஓர் இடம் இல்லை.

பேரவை மண்டபத்தில் மாட்டியுள்ள படங்களும் இதே கதையைச் சொல்கின்றன. 2021 ஆகஸ்ட் 2 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் மு. கருணாநிதியின் படத்தைத் திறந்தபோது அது அந்த மண்டபத்தின் 16-ஆவது படம். அந்தப் பதினாறில் திருவள்ளுவர் இருக்கிறார், காந்தி, அம்பேத்கர், பெரியார், வ.உ.சி. இருக்கிறார்கள்; முதலமைச்சர்களும் கட்சித் தலைவர்களும் இருக்கிறார்கள். பெண் ஒருவர்தான், ஜெயலலிதா. 1927 தீர்மானத்தைக் கொண்டுவந்த, அந்தச் சபையின் துணைத் தலைவராகவும் இருந்த முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சுவரில் இல்லை. இதைவிட என் வாதத்துக்கு முக்கியமானது வேறொன்று. 2018 பிப்ரவரி 12 அன்று ஜெயலலிதாவின் படம் திறக்கப்பட்டபோது தி.மு.க. வரவில்லை. 2021-இல் கருணாநிதியின் படம் திறக்கப்பட்டபோது அ.தி.மு.க. வரவில்லை. புறக்கணித்தவர்களுக்கு அவரவர் காரணங்கள் இருந்தன. அதற்குள் நான் போகவில்லை. இரண்டு முறையும் மண்டபம் பேரவையுடையதாக இருந்தது, மரியாதை பாதிப் பேரவையுடையதாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் அரசின் மரியாதை வேறு, அவையின் மரியாதை வேறு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இரண்டும் கலந்துவிட்டன. பேரவையில் ஒரு பெரியவரைப் போற்ற வேண்டுமென்றால் இப்போதைய வழி பெரும்பாலும் 110-ஆவது விதிதான்: அமைச்சர் அல்லது முதலமைச்சர் எழுந்து அறிக்கை படிப்பார், அதன்மேல் விவாதம் கிடையாது. பெரியாரின் பிறந்த நாளான செப்டம்பர் 17 சமூக நீதி நாள் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது இந்த விதியின் கீழ்தான். அறிவிப்பு நல்ல அறிவிப்பாக இருக்கலாம். ஆனால் அதில் பேசியது அரசு, அவை கேட்டுக்கொண்டிருந்தது. அரசு தனியாகவும் நல்ல மரியாதைகளைச் செய்ய முடியும் என்பதற்கு 2023 செப்டம்பர் 23 அன்று வந்த அறிவிப்பே போதும். உடலுறுப்புகளைக் கொடையளித்து மறைந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதன்பின் கூலித் தொழிலாளி வீட்டு வாசலுக்கும் அதிகாரி மலர்வளையத்தோடு வருகிறார். செயல் என்ன, ஆள் யார், காரணம் என்ன என்பதில் ஐயமே இல்லாத மரியாதை அது. அண்மைக் காலத்தில் இந்த மாநிலத்தில் பிறந்த மரியாதைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். என்றாலும் அது அரசாணையின் மரியாதை. ஓர் அரசு தந்ததை அடுத்த அரசு மறந்துவிடலாம். 234 பேர் கொண்ட அவை, ஆளும் வரிசையும் எதிர் வரிசையும் சேர்ந்து சொன்ன சொல் நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டால் அதை ஆட்சி மாற்றம் தொடாது.

"சரி, அப்படியானால் அமெரிக்க மாநிலங்களைப் போலச் செய்யலாமே" என்று ஒருவர் கேட்கலாம். அங்கே மாநிலச் சட்டமன்றங்கள் நூற்றுக்கணக்கில், டெக்சஸ் போன்ற மாநிலங்களில் ஆயிரக்கணக்கில், இப்படிப்பட்ட தீர்மானங்களை நிறைவேற்றுகின்றன. நூறு வயதைத் தொட்ட பாட்டி, கோப்பை வென்ற பள்ளி அணி, ஐம்பதாண்டு கடை நடத்தியவர் என்று யாருக்கும் கிடைக்கும். காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, "ஆகவே இந்த அவை தீர்மானிக்கிறது" என்று முடியும் வாசகத்தை முத்திரை குத்திய தடித்த காகிதத்தில் கொடுப்பார்கள். குடும்பம் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் டெக்சஸிலேயே 1971-இல் நடந்ததைக் கேளுங்கள். டாம் மூர் என்ற உறுப்பினருக்குச் சக உறுப்பினர்கள் படிக்காமலே கை தூக்குகிறார்கள் என்று சந்தேகம். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுத் துறையில் புதுமையான பணி செய்தவர் என்று ஆல்பர்ட் டிசால்வோ என்பவரைப் பாராட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவை ஒருமனதாக நிறைவேற்றியது. பாஸ்டன் நகரில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் என்று நாடெங்கும் அறியப்பட்டவன்தான் அந்த டிசால்வோ. மூர் உண்மையைச் சொல்லித் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெருஞ்சித்திரனார் மறுத்த பரிசிலை ஒரு கொலைகாரன் பெயருக்கே அனுப்பிவைத்த அவை அது. நாம் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2018 டிசம்பர் 21 அன்று டெல்லிப் பேரவையில், சீக்கியர்களுக்கு எதிரான 1984 கலவரம் தொடர்பான ஒரு தீர்மானத்தோடு, ராஜீவ் காந்திக்குக் கொடுத்த பாரத ரத்னாவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற வரியும் வாசிக்கப்பட்டது. வெளியே சர்ச்சை கிளம்பியதும், அது கையால் எழுதிச் சேர்த்த வரி, நிறைவேறிய தீர்மானத்தில் அது இல்லை என்று ஆளுங்கட்சியே விளக்கம் கொடுத்தது. நிறைவேறியது எது என்று நிறைவேற்றியவர்களுக்குள்ளேயே குழப்பம். மலிவாகக் கொடுத்தால் பாராட்டு எங்கே போய் நிற்கும் என்பதை அமெரிக்க நாடாளுமன்றமும் கண்டது. இன்ன நாள், இன்ன வாரம் என்று நினைவு நாட்களைப் போற்றும் மசோதாக்கள் பெருகிப்போய், 1995-இல் அதன் கீழவை அவற்றைத் தன் விதியாலேயே நிறுத்திவிட்டது.

நமக்கு வழிகாட்டி வெளியூரில் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திர பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டில் நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கும் சண்டையில் இறந்தான். கல்லில் அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரை எதிர்த்து நின்ற செய்தியும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கும் பெயர் உண்டு, அதற்கும் ஒரு செயல் உண்டு, அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். செங்கம் பகுதி நடுகற்களில் இதே ஒழுங்கைக் காணலாம்: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறு, என்ன ஆனான். அடைமொழி குறைவு, செய்தி நிறைவு. சோழர் காலத்தில் ஊருக்காக உயிர்விட்டவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டார்கள். அதையும் கல்லில் எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிப் பெண்களின், பெயர், வந்த ஊர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்வெட்டு சொல்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரைத்தான் சிறந்த எடுத்துக்காட்டாகச் சொல்வேன். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் சிவனடியார்களின் பெயரும் ஒரு தொடரும் மட்டுமே பெரும்பாலும் சொல்லிப் போனார். சேக்கிழார் அந்தப் பெயர்களின் ஊரைச் சொன்னார், தொழிலைச் சொன்னார், என்ன செய்தார்கள் என்பதை முழுக்கச் சொன்னார். குயவர் திருநீலகண்டர், துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர், மீன் பிடித்த அதிபத்தர், காரைக்காலில் ஒரு வணிகர் வீட்டுப் பெண். சோழ அரசில் பெரிய பதவியில் இருந்தவர் இவர்களையெல்லாம் எழுதினார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொருவரையும் நின்று பார்த்தவர் அவர்.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, நேரம். பேரவை கூடும் நாட்களே குறைவு. மானியக் கோரிக்கைகளுக்கே நேரம் போதாதபோது பாராட்டு ஒரு கேடா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் அவையில் பாராட்டுக்கு நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நேரம் போகும் திசைதான் வேறு. உறுப்பினர் எழுந்ததும் தன் தலைவரைப் புகழ்ந்து முடித்து, பிறகுதான் தொகுதிக் கோரிக்கைக்கு வருவார். இது எந்த ஒரு கட்சிக்கும் தனிச்சொத்து இல்லை. 2021 ஆகஸ்டு மாதம் மு.க. ஸ்டாலினே, மானியக் கோரிக்கையில் தன்னைப் புகழ்ந்து பேசினால் நடவடிக்கை எடுப்பேன் என்று தன் கட்சி உறுப்பினர்களை அவையிலேயே எச்சரிக்க வேண்டி வந்தது. ஒரு நாள் புகழ்ச்சியைச் சேமித்தால் ஒரு கூட்டத்தொடர் முழுவதற்கும் குடிமக்களைப் பாராட்ட நேரம் கிடைத்துவிடும்.

இரண்டாவது மறுப்பு, விருதுகள் ஏற்கெனவே மலிந்துகிடக்கின்றன என்பது. பத்ம விருதுகள் இருக்கின்றன. மாநில அரசின் தகைசால் தமிழர் விருது 2021-இல் என். சங்கரய்யாவுக்கும் மறு ஆண்டு நல்லகண்ணுவுக்கும் கொடுக்கப்பட்டது. அவ்விரு தேர்வுகளையும் யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு எதற்கு இன்னொன்று? விருது அரசின் கையில் இருக்கும்வரை அதற்கு ஒரு வரம்பு உண்டு என்பது என் பதில். 1977-இல் ஜனதா அரசு பத்ம விருதுகளை நிறுத்தியது, 1980-இல் வந்த அரசு மீண்டும் தொடங்கியது. அவை அரசமைப்புச் சட்டம் தடுக்கும் பட்டங்கள் அல்ல என்று 1995-இல் பாலாஜி ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், அவை வரைமுறையின்றி வழங்கப்படுவதைக் கண்டித்து, தேர்வுக்கு உயர்நிலைக் குழு வேண்டும் என்றும் சொன்னது. போதாக்குறைக்குப் பணம். 2024 ஜூலையில் உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் வீரர்களை மகாராஷ்டிரச் சட்டமன்ற வளாகத்தில் பாராட்டியபோது அரசு 11 கோடி ரூபாய் அறிவித்தது. மறுநாள் பேச்செல்லாம் அந்த 11 கோடியைப் பற்றித்தான். ஆட்டத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பேரவையின் தீர்மானத்தில் பணமே இருக்கக் கூடாது. பணம் இல்லாத இடத்தில்தான் வாசகத்தை ஆள் படிப்பார்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. தமிழ்நாட்டில் எந்தப் பட்டியல் போட்டாலும் அதில் சாதிக் கணக்கும் கட்சிக் கணக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்; இந்தச் சமூகத்துக்கு ஒன்று கொடுத்தால் அந்தச் சமூகத்துக்கும் ஒன்று கொடுக்க வேண்டும்; கடைசியில் வட்டச் செயலாளரின் மாமனாருக்குப் பாராட்டு வந்து சேரும். இதை நான் மறுக்கவில்லை. நல்லெண்ணத்தை நம்பிப் பயனில்லை, விதியில்தான் கட்ட வேண்டும். என் யோசனை இது. ஒரு கூட்டத்தொடருக்கு ஐந்து பெயருக்கு மேல் கூடாது. கட்சிப் பதவியிலோ ஆட்சிப் பதவியிலோ இருப்பவர், இருந்தவர் யாரும் கூடாது. பெயரை அந்தத் தொகுதியின் உறுப்பினர் முன்மொழியலாம். வழிமொழிபவர் முன்மொழிந்தவருக்கு எதிரான வரிசையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், அவர் அந்த ஊருக்கு நேரில் போய் அந்த ஆளைப் பார்த்து வந்திருக்க வேண்டும். வாசகம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. செயல், இடம், ஆண்டு மூன்றும் அதில் இருக்க வேண்டும். இதயம், இமயம் வகையறா அடைமொழிகளுக்கு அனுமதி இல்லை. பரிசீலிக்கும் குழுவுக்கு ஆளுங்கட்சி அல்லாதவர் தலைமை ஏற்கட்டும். பொதுக் கணக்குக் குழுவில் அந்த மரபு ஏற்கெனவே இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாற்பது வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்று, தன்னிடம் வந்த பையன்களுக்கெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்த ஒருவரைப் பார்க்க வருவதை நினைத்துப் பாருங்கள். பூந்தமல்லி பார்வையற்றோர் அரசுப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டுக் கதவை, வேறு மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் தட்டுவதை நினைத்துப் பாருங்கள். அவர் போய்ப் பார்த்தால்தான் வழிமொழிய முடியும் என்கிறபோது வட்டச் செயலாளரின் மாமனார் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுவார். கொஞ்சம் கசியும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அரசை எதிர்த்தவரை இந்த அவை பாராட்டுமா? ஏரியை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாவட்ட நிர்வாகத்தின்மேல் வழக்குப் போட்டு வென்றவர் இருக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு மேல் மனுவாகப் போட்டு ஒரு துறையின் ஊழலை வெளியே கொண்டுவந்தவர் இருக்கலாம். அரசு விருதுக் குழு இவர்களைத் தேடிப் போகாது. எந்தக் கட்சியின் அரசானாலும் போகாது. ஆனால் பேரவை அரசின் ஓர் இலாகா அல்ல. அரசைக் கேள்வி கேட்பதற்கென்றே இருக்கிற அவை. எதிர் வரிசையிலிருந்து ஒருவர் முன்மொழிய, ஆளும் வரிசையிலிருந்து ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து வழிமொழிந்தார் என்றால், அந்த ஒரு பக்கத் தீர்மானத்துக்கு வேறெந்த விருதும் ஈடாகாது. ஆளும் வரிசையிலிருந்து யாரும் வழிமொழிய முன்வரவில்லை என்றால் அதுவும் குழுவின் பதிவில் இருக்கட்டும். இதற்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டாம், டெல்லிக்குப் போக வேண்டாம், நிதி ஒதுக்கவும் வேண்டாம். பேரவையின் விதிகள் குழு ஏற்று, அவை ஒப்பினால் முடிந்தது. விதித் திருத்தத்தை எழுதிக் கொடுக்க ஓர் உறுப்பினர் போதும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல் என்று இந்தப் பக்கத்திலேயே நான்கு தொகுதிகள் இருக்கின்றன. கூட்டம் முடிந்து இதற்காக ஒரு மனுவில் கையெழுத்து வாங்குவதாக இருந்தால், அதை அந்தத் தொகுதிகளின் உறுப்பினர்கள் நால்வருக்கும் சேர்த்தே எழுதுங்கள்.